காலியாக இல்லை

வாசலில் ஒரு ஜோடி செருப்பு அதிகமாக இருந்தது.

டீ குடிக்க வெளியே வந்தபோதுதான் அருள்தாஸ் அதைப் பார்த்தான். கிறிஸ்துமஸுக்குக் காஞ்சிபுரத்தில் வாங்கிய அவனுடைய பழுப்புத் தோல் செருப்பு விட்ட இடத்தில் விட்டபடி கிடந்தது. அதை ஒட்டி, ரொம்ப நாள் பழகியது போல, ஒரு நீல ரப்பர் செருப்பு. குதிகால் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. இடது கால் வாரில் ஒரு ஊக்கு. இரண்டு ஜோடியும் கதவைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு கிடந்தன, உள்ளே போனவர்கள் கழற்றிப் போட்டது போல.

உள்ளே இருந்தது அவன் ஒருவன்தான்.

வேதாசலம் மாடர்ன் ரைஸ் மில்லில் அந்த அறைக்குப் பெயர் கம்ப்யூட்டர் டிவிஷன். டிவிஷன் என்றால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அருள்தாஸ். பழையசீவரத்துச் சம்பந்தி புது டிராக்டர் வாங்கியதற்குப் போட்டியாகத்தான் முதலாளி வேதாசலம் கம்ப்யூட்டர் வாங்கினார் என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். கணக்குப்பிள்ளை கையால் எழுதிக் கொடுக்கும் கூலிக் கணக்கை அருள்தாஸ் அடித்துக் கொடுப்பான். கம்ப்யூட்டர் கூட்டும். கூட்டியது சரிதானா என்று கணக்குப்பிள்ளை மறுபடி கையால் கூட்டிப் பார்ப்பார். இந்த மாபெரும் காரியத்துக்காக நெல் குடோனில் ஒரு மூலையைத் தடுத்து, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, சுவர் முழுக்க தெர்மகோல் ஒட்டி, தகரம் அடித்த கனத்த கதவு போட்டு, அதன் விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை வைத்து, ஏசி மாட்டியிருந்தது. கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி. வெயில் பட்டால் மெஷின் கருத்துவிடும் என்று அதிலும் கறுப்புத் தாள்.

"எறும்பு பூர முடியாது," என்று வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி சொல்வார்.

கம்ப்யூட்டருக்கு வைரஸ் வருகிறது என்று பேப்பரில் படித்த நாளிலிருந்து, அது காலில் ஒட்டிக்கொண்டுதான் வரும் என்றும் அவர் முடிவு செய்திருந்தார். யாராக இருந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். அதில் ஒரு வசதியும் இருந்தது. கதவைத் திறந்து ஏசியை வீணாக்காமல், வாசலைப் பார்த்தே உள்ளே ஆள் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். வாட்ச்மேன் சேட்டு சாயங்காலம் அப்படிப் பார்த்துத்தான் பூட்டுவார்.

"சேட்டுண்ணா, இது யார் செருப்பு?"

சேட்டு பீடியை வாயிலிருந்து எடுக்காமல் எட்டிப் பார்த்தார். "எவனாச்சும் லோடு எறக்கறவன் வுட்டுட்டு பூட்டிருப்பான். போகிக்கி எல்லாரும் பழச எரிக்கிறான், இவன் நம்ம தலையில கட்டிட்டு போறான் பாரு."

கால் விரலாலேயே இரண்டையும் கவ்வி எடுத்து, முற்றத்தில் காலையிலிருந்து புகைந்துகொண்டிருந்த குப்பை மேட்டில் வீசினார். பழைய பாய், கிழிந்த முறம், சைக்கிள் டயர் என்று என்னென்னவோ அதில் எரிந்துகொண்டிருந்தது. புழுங்கல் நெல் வேகிற வாடையோடு ரப்பர் கருகும் வாடையும் சேர்ந்து தொண்டையில் பிசின் மாதிரி ஒட்டியது. சாலையில் பசங்கள் போகி மேளம் தட்டிக்கொண்டு போனார்கள். மேளத்தில் தோல் கிழிகிற வரைக்கும் அவர்கள் ஓயப்போவதில்லை.

"காது பேஜாராயிடுச்சி," என்றார் சேட்டு. "இதுவாச்சும் பரவால்ல. போன வருசம் இந்த மில்லாண்டயே எவனோ தட்டிக்கினு கெடந்தான் நைனா. போகி அன்னிக்கி ராத்திரி பூரா. பொங்க அன்னிக்கும் வுடல. மாட்டுப் பொங்கலன்னிக்கி தான் நின்னுச்சி. ஒரு தாளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தட்டத் தெரியாதவன் கையில மேளத்த குடுத்தா அப்டி தான்."

அருள்தாஸ் சிரித்துவிட்டு உள்ளே போனான்.

செய்ய வேண்டிய வேலை சின்னதுதான். சென்னையிலிருந்து ஏஜெண்டு வந்து புது பாஸ்கலைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லிக் கொடுக்கிற பாஷை அது. அருள்தாஸுக்கு முன்னால் இங்கே இருந்த வரதன் கூலி புரோகிராமைப் பழைய பாஸ்கலில் எழுதி வைத்திருந்தார். பழையது ஒரு டைரக்டரியில், ஃபைல்களை அடுக்கி வைக்கிற இடத்தில், அப்படியே கிடந்தது. புதியது ஓடும்போதெல்லாம் எங்கேயோ போய்ப் பழையதன் ஃபைல் ஒன்றைத் தொட்டுவிட்டு நின்றுபோனது. பழையதை வேரோடு அழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் முதலாளி எதையும் அவ்வளவுதான் என்று விடுகிறவர் அல்ல. காலையில் வாசலில் நின்று, தாம் வைத்த சட்டத்துக்குத் தாமே கட்டுப்பட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்து சொன்னார்: "இன்னிக்கி போகி. பழைய பாஸ்கல் மொத்தமும் சாயந்திரத்துக்குள்ள கழிஞ்சிடணும். லீவு முடிஞ்சி மில் தெறக்கிற அன்னிக்கி புது பாஸ்கல் தெறப்பு விழா. பத்திரிகை அடிச்சாச்சு. பாஸ்கல்னு ஒருத்தர் இருந்தாராமே, அவர் படம் கெடைக்குமா? மாலை போடணும்."

"கெடைக்கும்னு தோணலீங்க ஐயா."

"சரி, நல்ல வெள்ளக்காரன் படமா ஒண்ணு பாரு. யாரு வந்து கேக்கப் போறான்." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "இத முடிச்சிட்டா உனக்கு பர்மனென்ட் ஆர்டர். முடிக்கலேன்னா புள்ளலூர்ல உங்கம்மா கூட நாத்து நட வேண்டியது தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். புள்ளலூரில் அவர் நிலத்தில்தான் அருள்தாஸின் அம்மா ஞானசுந்தரி சேற்றில் நின்று நாற்று நட்டுக்கொண்டிருக்கிறாள். தன் மகன் பட்டப்பகலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்கிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

அருள்தாஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். உடனே எழுந்தான்.

நாற்காலி சூடாக இருந்தது.

ஏசி ஓடும் அறை. டீ குடிக்கப் போய் வந்த நேரத்தில் ரெக்ஸின் சில்லிட்டுப் போயிருக்க வேண்டும். அவன் புறங்கையை வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தவர் இப்போதுதான் இடம் கொடுத்தது போன்ற வெதுவெதுப்பு. மெஷின் வெப்பம் என்று சொல்லிக்கொண்டான். மெஷின் மேஜையின் அந்தக் கோடியில் இருந்தது.

பழைய டைரக்டரிக்குள் போனான். எல்லாவற்றையும் அழி என்று அடித்தான். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றான். டிஸ்க் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றது. பட்டியல் கேட்டான். ஃபைல் ஒன்றும் இல்லை. ஒரு புள்ளி, அதன் கீழே இரண்டு புள்ளி. காலி டைரக்டரி என்றால் அப்படித்தான் காட்டும். ஏஜெண்டு அதை அழகாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்: ஒரு புள்ளி என்பது நீ இருக்கிற ரூம், ரெண்டு புள்ளி என்பது வெளியே போற வாசல்.

வெளியே வந்து, டைரக்டரியை நீக்கு என்று அடித்தான்.

முடியாது என்றது திரை. டைரக்டரி காலியாக இல்லை.

மறுபடி உள்ளே போய்ப் பார்த்தான். ஒன்றும் இல்லை. மறுபடி அழித்தான். மறுபடி நீக்கினான். காலியாக இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் ஃபைலைக் காட்டுகிற வழியையும் ஏஜெண்டு சொல்லியிருந்தார். அதையும் செய்தான். அப்போதும் இரண்டு வரிதான். சுவருக்கு அப்பால் அரவை மெஷினின் பெல்ட் படபடவென்று அடித்துக்கொண்டது. ஏசியிலிருந்து ஒரு சொட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு, அடியில் வைத்திருந்த டப்பாவில் விழுந்தது. சாம்பிராணி வாடை. இந்த அறையில் எப்போதும் ஒரு சாம்பிராணி வாடை உண்டு, அதற்கு அடியில் வேறொரு வாடையும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைப் பழைய கார்ப்பெட்டின் வாடை என்றுதான் நினைத்திருந்தான்.

மூச்சு விட வெளியே வந்தான். கதவைத் திறந்ததும் கால் நின்றது.

நீலச் செருப்பு அதே இடத்தில் இருந்தது. ஊக்கில் கொஞ்சம் கரி. மற்றபடி தீ தொடவில்லை.

தவிடு கூட்டிக்கொண்டிருந்த பாஞ்சாலி துடைப்பத்தோடு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். "இன்னா கம்ப்யூட்டரு, செருப்புக்கு பூஜையா?" என்று ஆரம்பித்தவள், குனிந்து பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இது வரதன் சாரோடது."

"உனக்கு எப்டி தெரியும்?"

"அந்த ஊக்கு என்னுது. வாரு அறுந்துடுச்சின்னு நின்னாரு. தாலிக்கயித்துலேர்ந்து கழட்டிக் குடுத்தேன்."

"அவர் தான் பம்பாய் போய்ட்டாரே."

"மொதலாளி அப்டி தான் சொன்னாரு." பாஞ்சாலி சுற்றும் பார்த்தாள். "போன போகிக்கி சாயந்திரம் மில்லு நாயி இந்தச் செருப்ப கவ்விக்கினு போயி தவுட்டு மேட்டாண்ட போட்டுச்சி. பொங்க லீவு முடிஞ்சி வந்து நான் தான் எடுத்து குப்பையில போட்டேன். ஆளு எங்கன்னு கேட்டா பம்பாயில வேல கெடச்சி பூட்டாருன்றாங்க. இருக்கும். வெறுங்காலோட பம்பாய் போனாரு போல. சோத்து கேரியர கூட எடுத்துக்கினு போவல."

அருள்தாஸ் குனிந்து ஊக்கைப் பார்த்தான்.

"அப்பறம் கொஞ்ச நாளைக்கி இங்க நிக்க முடியல, வாடை. எலி செத்துடுச்சின்னாங்க. எறும்பு பூராத ரூம்ல எலி எப்டி பூந்திச்சின்னு நான் கேக்கல. கேட்டா எனக்கு கூலி எவன் குடுப்பான்? புதுசா தெர்மகோல் ஒட்னாங்க, அய்யரு வந்தாரு, ஹோமம் நடந்திச்சி. செத்த எலிக்கி ஹோமம் பண்ணவரு நம்ம மொதலாளி ஒருத்தர் தான்." துடைப்பத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "பொழுதோட வூட்டுக்கு போ சார்."

போயிருக்கலாம். அருள்தாஸ் அம்மாவை நினைத்தான், ஸ்வெட்டரை நினைத்தான், சாயங்காலத்தை நினைத்தான். படித்தவன் செய்கிற காரியத்தைச் செய்தான். ஒரு கோணிச் சணலை எடுத்து, தன் செருப்பு இரண்டையும் சேர்த்துக் கதவுக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டான். இழுத்துப் பார்த்தான். சேட்டைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"ண்ணா, இது என்னுது. இது தொங்கற வரைக்கும் நான் உள்ள இருக்கேன். பூட்டிடாத."

"செருப்பு இருந்தா நீ உள்ள, இல்லேன்னா நீ வூட்ல. இதக்கூடவா எனக்கு பாடம் எடுப்ப?"

"கீழ இருக்கறது ஆள் இல்லாத செருப்பு. அத கணக்குல எடுத்துக்காத."

"அது தான் தெரியுமே," என்றார் சேட்டு. "நானே எரிச்சேனே." சொல்லிவிட்டு, எரித்ததை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துப் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

கதவு சாத்திக்கொண்டது. ரப்பர் பட்டை ஈர உதடு மாதிரி ஒட்டிக்கொண்டது.

திரும்பும்போதுதான் கதவின் உட்புறத்தைப் பார்த்தான். தினமும் பார்க்கிற கதவு. சுவரெல்லாம் தெர்மகோல் மஞ்சள் பாரித்திருந்தது. கதவில் மட்டும் இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை வெள்ளை வெளேரென்று புதுத் துண்டு ஒட்டியிருந்தது. கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாளின் ஒரு மூலையில், உள்ளிருந்து, நகத்தால் கீறியது போல ஒரு சின்னக் கோடு. அதன் வழியாக வெளியிலிருந்து வெளிச்சம் ஊசி மாதிரி வந்தது.

அதைப் பார்க்காதவன் போல நாற்காலிக்குப் போனான். கையை வைத்துப் பார்க்காமல் உட்கார்ந்தான். சூடு.

அழி. நிச்சயமா? நிச்சயம். நீக்கு. காலியாக இல்லை.

அழி. நிச்சயமா? நிச்சயம். நீக்கு. காலியாக இல்லை.

அந்த அறையின் சட்டம் அவனுக்கு மெல்ல ஞாபகம் வந்தது. எழுதி ஒட்டியது இல்லை, எல்லாருக்கும் தெரிந்தது. வாசலில் செருப்பு இருந்தால் ஆள் உள்ளே. செருப்பைத் தூக்கி எறியலாம். எரிக்கலாம். ஆள் உள்ளே இருக்கிற வரைக்கும் அது வாசலுக்குத் திரும்பி வரத்தானே செய்யும்?

திரும்பிப் பார்க்கவில்லை. அறையில் மூலைகள் நான்கு. அவன் கண்ணுக்கு இரண்டுதான் தெரிந்தன.

போதும். நாற்று நடலாம். அம்மாவோடு சேற்றில் நிற்கலாம். வெயில் இருக்கும். ஆள் இருப்பார்கள். மெஷினை நிறுத்துவதற்கு முன், எதற்கென்று தெரியாமல், கடைசியாக ஒருமுறை பட்டியல் கேட்டான்.

ஒரு புள்ளி.

அதன் கீழே ஒன்றும் இல்லை.

மறுபடி கேட்டான். ஒரு புள்ளி. இருக்கிற ரூம். மறுபடி. ஒரு புள்ளி.

நாற்காலி சாயும்படி எழுந்து ஓடினான். கதவைத் தள்ளினான். அசையவில்லை. கண்ணைக் கீறலில் வைத்தான்.

வெளியே இன்னும் பொழுது இருந்தது. புகைக்கு நடுவே மஞ்சள் வெயில். தவிட்டு மேட்டைச் சுற்றிக்கொண்டு மில் நாய் போய்க்கொண்டிருந்தது. அதன் வாயில் பழுப்பாக என்னவோ. சணல் நுனி தரையில் இழுபட்டது.

கதவுக்கு நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில், சேட்டு. கையில், அப்போதுதான் பூட்டிய சாவி. அவர் பார்வை கைப்பிடியில் நின்றது. பிறகு படியில். படியில் ஒரே ஒரு ஜோடி. நீலம். அவர் அதைக் காலால் ஓரமாக ஒதுக்கினார். ஆள் இல்லாத செருப்பு.

"ண்ணா!"

அருள்தாஸ் இரண்டு கையாலும் கதவை அடித்தான். தெர்மகோல் சத்தத்தைக் குடித்தது. மிச்சத்தை அரவை மெஷின் குடித்தது. மறுபடி அடித்தான். தோளால் இடித்தான். முஷ்டியால். தாளம் இல்லாமல்.

சேட்டு நிமிர்ந்தார். கேட்டிருக்கிறது. அவர் முகம் சுளித்தது. சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், கழுத்து மப்ளரை இழுத்துக் காதைச் சுற்றிக் கட்டினார். உதடு அசைந்தது. அருள்தாஸுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

அறையின் மெயின் ஸ்விட்சை நோக்கி நடந்தார்.

ஏசி நின்றது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி, அந்தப் புள்ளியும் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் அரவை மெஷினும் ஓய்ந்தது. லாரி ஒன்று கிளம்பிப் போனது. கேட்டை இழுத்துப் பூட்டினார்கள். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். கீறலில் இருந்த வெளிச்சம் மஞ்சளிலிருந்து சிவப்பாகி, சாம்பலாகி, இல்லாமல் போனது.

கத்தினான். தொண்டை போகும் வரை கத்தினான். காற்று கனத்தது. ரப்பர் பட்டை. எறும்பு பூர முடியாது.

கதவோடு கதவாக மண்டியிட்டு, புதுத் தெர்மகோலை நகத்தால் பிய்த்தான். கொத்துக் கொத்தாக வந்தது. அடியில் மரப்பலகை. பலகையைச் சுரண்டினான். விரல்கள் தாமாகவே பள்ளங்களில் போய் விழுந்தன. மேலிருந்து கீழே இறங்கும் நீளமான பள்ளங்கள். ஆட்காட்டி விரலுக்கு ஒன்று. நடு விரலுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஆழம். ஒவ்வொன்றும் அவன் விரல் அகலம். ஒரு பள்ளத்தில் எதுவோ குத்தி நின்றது. தடவிப் பார்த்தான். மெல்லியது. வளைந்தது. உடைந்த நகம்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இரண்டு கையையும் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டான். மூச்சை அடக்கினான்.

சுரண்டும் சத்தம் நிற்கவில்லை.

அவன் தோளுக்குப் பக்கத்தில், அதே கதவில், நிதானமாக.